நம்பலாமான்னு பார்த்துச் சொல்லு

போனைக் காட்டுங்க அண்ணே, பார்க்கிறேன். இந்தப் பக்கம் சாய்த்துப் பிடிங்க, ஜன்னல் வெயில் அடிக்கிறது. கார் வாடகையா? தங்கச்சி கல்யாணத்துக்கா? நல்லது.

படித்த பிள்ளை மாதிரி தெரிகிறேன் என்று கேட்டீங்க பாருங்க, எல்லாரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். இருங்க, மேலே தள்ளுங்க. பெயர் என்ன போட்டிருக்கிறது? மணித்தேர் லக்சுரி கார்ஸ், தேனி.

இந்த பஸ்ஸில் இத்தனை பேர் இருக்கும்போது இதை என்னிடம் வந்து கேட்டீங்களே.

இல்லை, இல்லை. ஒன்றுமில்லை. நம்பலாமா வேண்டாமா என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்தான். நான் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. மதுரையில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஆதாரம் இல்லாமல் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று அங்கே பழக்கிவிட்டார்கள். இப்போதுதான் உசிலம்பட்டி தாண்டியிருக்கிறோம். கணவாய் ஏறி இறங்குவதற்குள் சொல்லிவிடுகிறேன், கேட்டுவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

எங்கள் வகையறாவிலேயே காலேஜ் முடித்த முதல் ஆள் நான். அதனால் எது வந்தாலும் என்னிடம்தான் வரும். ரேஷன் கார்டில் பெயர் தப்பாக இருந்தால் நான். பட்டா நகல் வேண்டுமென்றால் நான். மாத்திரை அட்டையைக் கூடக் கொண்டுவந்து காலையிலா ராத்திரியிலா என்று கேட்பார்கள். நான் படித்தது பி.காம். சொன்னாலும் கேட்க மாட்டார்கள். சரியாகப் போனால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. தப்பாகப் போனால் மட்டும், காலேஜ் படிச்சவன் சொன்னான் என்று ஊர் முழுக்கச் சொல்வார்கள். அதனால் எனக்கு எதையும் ரெண்டு தடவை பார்க்காமல் தூக்கம் வராது.

போன வைகாசியில் எனக்கு ஒரு வாட்ஸப் வந்தது. எங்கள் அத்தை மகள் நாகப்பிரியா. நாகு என்று கூப்பிடுவோம். இதே இணையதளத்தின் லிங்கை அனுப்பி, "மச்சான், இது நம்பலாமான்னு பார்த்துச் சொல்லு. கல்யாணத்துக்கு" என்று போட்டிருந்தாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆவணியில் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை போடிநாயக்கனூர். பெயர் திலீபன். அவர்களுக்கு ஏலக்காய் வியாபாரம், மலையில் கொஞ்சம் தோட்டமும் உண்டு. நல்ல உயரம். தலைமுடியை ஒரு மாதிரி தூக்கி வாரியிருப்பார். எல்லாரும் நல்ல இடம், நல்ல இடம் என்றார்கள். நானும் நல்ல இடம் என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்ல?

நீங்கள் வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது. முறைப்பெண்தான். அவள் அப்பா, என் மாமா, நான் நடக்கப் பழகின நாளிலிருந்து என்னை மாப்ளே என்றுதான் கூப்பிடுவார். அதெல்லாம் வாய்ப்பழக்கம், நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. வேலை நிரந்தரம் ஆகட்டும், அப்புறம் வீட்டில் பேசலாம் என்று மனதில் ஒன்று இருந்தது. அவ்வளவுதான். ஆடிட்டர் தீபாவளிக்குப் பார்க்கலாம் என்றார், பொங்கலுக்குப் பார்க்கலாம் என்றார். அதற்குள் போடியிலிருந்து வந்து பூ வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அது வேறு விஷயம். அதற்கும் இந்தத் தளத்துக்கும் சம்பந்தம் இல்லை.

நான் தளத்தைத் தளமாகத்தான் பார்த்தேன். ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இருபத்தைந்து ஆண்டு அனுபவம் என்று போட்டிருந்தது. தளம் பதிவாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. இது ஒன்று. அப்புறம் காரின் படங்கள். வெள்ளையில் ஒன்று, கறுப்பில் ஒன்று, மேல் மூடி இல்லாத சிவப்பில் ஒன்று. மூன்றிலும் ஸ்டியரிங் இடது பக்கம். நம் ஊரில் ஏது அண்ணே இடது பக்கம் ஸ்டியரிங்? எங்கள் குழு என்று ஒரு பக்கம். அதில் கோட்டு போட்ட வெள்ளைக்காரர்கள் நாலு பேர் கைகட்டி நின்றார்கள். தேனியில், பெரியகுளம் ரோட்டில். விலாசத்தில் கதவு எண் இல்லை, பெட்ரோல் பங்க் எதிரில் என்று மட்டும் இருந்தது. பாராட்டி எழுதியவர்களில் மூன்று பேர் ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள். போன் நம்பரை வாட்ஸப்பில் போட்டுப் பார்த்தேன், ஆள் படத்துக்குப் பதிலாக ஒரு ரோஜாப்பூ இருந்தது.

ஆறு சந்தேகம். நானாக உண்டாக்கியது ஒன்றும் இல்லை. நீங்களே இப்போது பார்த்தாலும் பாதி இருக்கும்.

பார்த்ததோடு பார்த்ததாக, போடி ஏலக்காய்க் கடைக்கும் ஒரு தளம் இருந்தது, அதையும் பார்த்துவைத்தேன். அதில் திலீபன் ஏலக்காயைக் கையில் அள்ளிக் காட்டுகிற மாதிரி ஒரு படம். அந்தத் தளத்தில் கதவு எண் இருந்தது, பதிவு எண் இருந்தது, எல்லாம் ஒழுங்காக இருந்தது. அவ்வளவு ஒழுங்காக இருந்ததுதான் எனக்கு ஒரு மாதிரி பட்டது. அந்தப் படத்தை ஒரு தடவைதான் பார்த்தேன். சரி, ரெண்டு மூன்று தடவை இருக்கும்.

நாகுவுக்கு உடனே பதில் போடவில்லை. தளத்தைப் பார்த்தது போதாது, நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். யாரும் கேட்கவில்லை. பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதில்லையா? இந்த மாப்பிள்ளை ஆடம்பரம் பண்ணப் போய், கல்யாணத்தன்றைக்குக் கார் வராமல் மாமா மண்டப வாசலில் நின்றால்? நான்தான் அந்த லிங்கைப் பார்த்தவன்.

ஞாயிற்றுக்கிழமை லீவு. காலையில் புறப்பட்டுப் போனேன். அன்றைக்கு பஸ் நகரவே இல்லை. வழி நெடுகக் கல்யாணம். ஆண்டிப்பட்டியில் ஒரு மண்டபம், அதைத் தாண்டினால் இன்னொன்று, வாழைமரம், பிளெக்ஸ், நாதஸ்வரம். தேனிக்குள் நுழைகிற இடத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கார் எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் ஊர்ந்து போனது. பெரிய கார், மேலெல்லாம் ரோஜா. பின்கண்ணாடியில் ஏதோ கம்பெனிப் பெயர் ஒட்டியிருந்தது, பூமாலை மறைத்துவிட்டது. இவர்களால் எனக்கு நேரம் ஆகிறதே என்று எரிச்சலாக இருந்தது.

பெட்ரோல் பங்க் எதிரில் போய் நின்றேன். தகரக் கொட்டகை. ஷட்டர் பூட்டியிருந்தது. ஒரு போர்டு இல்லை. பக்கவாட்டில் இருந்த இடுக்கு வழியாகப் பார்த்தேன், உள்ளே ஒரு காரும் இல்லை. ஒரு வாளி, ஒரு தண்ணீர்க் குழாய், கொடியில் ரெண்டு லுங்கி. போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். ஆறு சந்தேகத்தையும் குரல் பதிவாகப் பேசி, கூடவே அந்தப் பூட்டிய ஷட்டரையும் போட்டேன். கடைசியில், "நேரில் போய்ப் பார்த்துவிட்டேன். அங்கே காரே இல்லை" என்று முடித்தேன். அது பொய்யா அண்ணே? இல்லையே. அங்கே கார் இல்லை.

மாமா உடனே கூப்பிட்டார். "மாப்ளே, நல்லவேளை நீ பாத்த. அந்தாளு போன்ல அவ்வளவு இனிக்க இனிக்கப் பேசுனான். இப்பவே வேணாம்னு சொல்லிர்றேன்." சொல்லியும்விட்டார். மற்ற சொந்தக்காரர்கள் எல்லாம் கைகூப்பிய படமாகப் போட்டார்கள். எனக்கு ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்கு நன்றாகப் பசித்தது.

எங்கள் அம்மா மட்டும் சோறு போட்டுக்கொண்டே, "ஏன்டா, உனக்கு என்னடா இம்புட்டு வயித்தெரிச்சல்?" என்று கேட்டது.

"தளத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னாங்க, சொன்னேன்."

"அதுக்குப் புதுச் சட்டை போட்டுக்கிட்டா போன?"

அம்மாவுக்கு இந்த இணையதளம் எல்லாம் தெரியாது. அதோடு பேசிப் பிரயோஜனம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் நாகு கூப்பிட்டாள். ஆபீஸ் மாடிப்படியில் நின்று பேசினேன்.

"மச்சான், நீ எந்த நாள் போன?"

"நேத்து. ஞாயித்துக்கிழமை."

"நேத்து என்ன நாளு?"

"ஞாயித்துக்கிழமைதான்."

"முகூர்த்த நாளு மச்சான். நம்ம சொந்தத்துலயே மூணு கல்யாணம். ஒண்ணுக்குக்கூட நீ வரலைன்னு உங்க அம்மா மண்டபத்துல பொலம்பிக்கிட்டுத் திரிஞ்சிச்சு. முகூர்த்த நாள்ல கல்யாணக் காரு எங்க இருக்கும்? கல்யாணத்துல இருக்கும். அன்னிக்கு ஷெட்டுக்குள்ள காரு நின்னாத்தான் நீ சந்தேகப்படணும்."

நான் ஒரு படி கீழே இறங்கி நின்றேன்.

"பங்க்குல யாரும் இல்லையா?"

"ரெண்டு பேர் இருந்தாங்க."

"கேட்டியா?"

"ஷட்டர் பூட்டியிருந்துச்சு நாகு."

"ஷட்டர்கிட்ட கேட்டியான்னு நான் கேக்கல. அந்த நம்பருக்குப் போனாச்சும் அடிச்சியா?"

பாருங்க, நான் அடித்திருக்கலாம். ஆனால் மோசடி செய்கிறவன் போனில் உண்மையா சொல்லப்போகிறான்? அதைத்தான் அவளிடமும் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். "உனக்கு எதுக்கு இந்த வம்பு? அவருக்குப் பெரிய கார்ல வரணும்னு ஆசை இருந்தா அவரே ஏற்பாடு பண்ணட்டுமே."

 அதற்கு அவள் சொன்னாள். "அவருக்கு ஒரு ஆசையும் இல்ல. அவரு தோட்டத்து ஜீப்புலயே வர்றேங்குறாரு. கார் ஆசை எனக்கு. சின்னப் புள்ளையில நம்ம தெருவுல ஒரு கல்யாணக் காரு வந்து நின்னுச்சே, கிட்டப் போயி கண்ணாடியில மூஞ்சியப் பாத்தோம்னு அந்த டிரைவர் நம்மள அடிச்சு வெரட்டுனானே, மறந்துட்டியா? அதுல ஒரு நாளு உள்ள உக்காந்து போகணும்னு இருந்துச்சு. அப்பாகிட்ட சொன்னா சிரிப்பாரு. அதான் உனக்கு அனுப்புனேன். நீ பாத்து நல்லாருக்குன்னு சொன்னா அவரு ஒத்துக்குவாரு. நீ சொன்னா ஒத்துக்குவாரு மச்சான்."

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா? எனக்கு எப்படித் தெரியும்? தளத்தில் அதெல்லாம் இருக்காது.

இருந்தாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு மறுபடி போனேன். இந்தத் தடவை பழைய சட்டைதான். ஷட்டர் திறந்திருந்தது. ஒரு ஆள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெள்ளைக் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். அதே கார்தான், பஸ்ஸுக்கு முன்னால் ஊர்ந்துபோனது. பூ இல்லாததால் பின்கண்ணாடியில் பெயர் தெரிந்தது. மணித்தேர்.

அவர் பெயர் பீர் முகமது. நான் விடவில்லை. என் ஆறு சந்தேகத்தையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

இருபத்தைந்து ஆண்டு அனுபவமா? "ஆமா தம்பி, லைசென்ஸ் எடுத்து இருபத்தஞ்சு வருசம் ஆச்சு. அடுத்தவன் வண்டி ஓட்டுனதெல்லாம் அனுபவம் இல்லையா?"

இந்த வெள்ளைக்காரர்கள்? "அது என் மச்சினன் வேலை. அவன்தான் எல்லாம் போட்டுக் குடுத்தான். நாலு பேரு கோட்டு போட்டு நின்னா ஒரு மரியாதைன்னான்."

பாராட்டு எழுதினவர்கள்? "அதுவும் மச்சினன்தான். அவனுக்கு அவ்வளவுதான் எழுத வருது."

அப்படியானால் அந்தக் கறுப்புக் கார், சிவப்புக் கார்? அவர் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அதெல்லாம் வாங்கப் போற காரு தம்பி."

நான் சொன்ன ஆறும் சரிதான் என்பதைக் கவனிச்சீங்களா அண்ணே? ஒன்றுகூடத் தப்பில்லை. இதை நான் வீட்டில் சொன்னபோது யாரும் காதில் வாங்கவில்லை.

நாகுவின் கல்யாணத் தேதியைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார். "உங்க மாமா வேணாம்னதும் அன்னிக்கே சின்னமனூர்ல ஒரு பார்ட்டி புடிச்சிருச்சே. முந்துன நாளு சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்கு அங்க நிக்கணும். நான் என்ன செய்ய?"

மாப்பிள்ளை அழைப்புக்குத்தானே கார் இல்லை, மறுநாள் என்ன என்று கேட்டேன். மறுநாள் காலை தாலி கட்டி முடிந்து பெண் புறப்படுகிற நேரத்துக்கு வர முடியுமா? அவர் யோசித்தார். சின்னமனூர்க்காரர்களுக்கு விடியற்காலை முகூர்த்தம், ஏழு மணிக்கெல்லாம் விட்டுவிடுவார்கள் என்றார். வந்துவிடுகிறேன் என்றார். எழுதிக் கொடுங்கள் என்றேன். "கார் சாவியை வேணா வச்சுக்கங்க. எழுத மச்சினன்தான் வரணும்" என்றார்.

ஆக, முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் இல்லை. என்னால்தான் என்று எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போடிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், ஒரு சத்தம் கிளம்பும் என்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த ஆள் என்ன செய்தார் தெரியுமா? தோட்டத்து ஜீப்பில், மேல் தார்ப்பாயைக் கழற்றிவிட்டு, பட்டு வேட்டியோடு தானே ஓட்டிக்கொண்டு வந்தார். ஜீப் முழுக்க ஏலக்காய்ச் செடியைக் கட்டியிருந்தார்கள். தெருவே மணந்தது. பையன்கள் விசில் அடித்தார்கள். எங்கள் அத்தை என் தோளைத் தட்டி, "நீ கார வேணாம்னதும் நல்லதுதான்டா, எம்புட்டு லட்சணமா இருக்கு பாரு" என்றது. நான் என்ன செய்தாலும் அது அவருக்கு நல்லதாக முடிகிறது. ஜீப்பில் சீட் பெல்ட் இல்லை. அதை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் எட்டரைக்கெல்லாம் பீர் முகமது வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட். காரின் மேல் ஒரு தூசி இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முறைப்பையன் ஒருத்தன் இருக்கும்போது பெண்ணை வெளியில் கொடுத்தால், பெண் புறப்படும்போது அவன் வழியை மறிப்பான். மாப்பிள்ளை வீட்டார் வேட்டி துண்டும் வெற்றிலை பாக்கும் தட்டில் வைத்துக் கொடுத்து, சம்மதமா என்று கேட்க வேண்டும். சம்மதம் என்று அவன் சொன்னால்தான் வண்டி நகரும். முன்னெல்லாம் மாட்டு வண்டிக்கு முன்னால் நிற்பார்களாம். இப்போது காருக்கு முன்னால் நின்றால் பூ அலங்காரம் கெடுகிறது என்று, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள்.

நின்றேன். வேறு யார் நிற்பது? நான் ஒருத்தன்தானே முறைப்பையன்.

திலீபனே தட்டைக் கொண்டுவந்தார். "சம்மதமா தம்பி?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் வேட்டியைப் பிரித்துக் கரையைப் பார்த்தேன். நல்ல வேட்டி. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

கூட்டம் ஓவென்று சிரித்தது. மாமா, "பாத்தீங்களா, எங்க மாப்ளே எதையும் விசாரிக்காம சொல்ல மாட்டான்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். எல்லாரும் நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நாகு மாலையும் கழுத்துமாக எனக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றாள். கார்க் கண்ணாடியில் அவள் முகமும் என் முகமும் தெரிந்தது. யாரும் எங்களை அடித்து விரட்டவில்லை. அவள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மச்சான், வேர்க்குது. கதவைத் திற" என்றாள்.

அந்தக் கார்க் கதவு நம் வீட்டுக் கதவு மாதிரி இல்லை அண்ணே. நல்ல கனம். ஆனால் திறந்தால் சத்தமே வராது. மூடினாலும் வராது.

இதோ கணவாய் இறங்கிவிட்டோம். ஆண்டிப்பட்டி வந்துவிட்டது, நான் இறங்க வேண்டும். நம்பலாமா என்று கேட்டீங்க. கார் வரும். சொன்ன நேரத்துக்கு வரும். ஒரு போன் மட்டும் அடித்துப் பேசிவிடுங்க, எடுப்பார். முகூர்த்த நாளில் மட்டும் போய்ப் பார்க்காதீங்க.

ஆனால் ஒன்று. போனைக் கொடுங்க. முதல் பக்கத்தில் இப்போது புதுப் படம் போட்டிருக்கிறார்கள் பாருங்க. ஸ்டியரிங் வலது பக்கம். இது உண்மையான படம், அதற்கு நான் பொறுப்பு. பெண் சிரித்துக்கொண்டு ஏறுகிறாள், பின்னால் மாப்பிள்ளை நிற்கிறார். இந்த ஓரத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கை மட்டும் இருக்கிறதா? ஆளை வெட்டிவிட்டார்கள். இடம் பற்றவில்லை என்றார் பீர் முகமது. நம்பகமான தளம் என்றால் படத்தை வெட்டாமல் போட வேண்டும். முன்னே ஆறு சந்தேகம், இதோடு ஏழு. மற்றபடி அவர்கள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

கொஞ்சம் பெரிசு பண்ணிப் பாருங்க. கதவு முழுசாகத் திறந்திருக்கிறதா என்று உங்களுக்குச் சந்தேகமாக இருக்கலாம்.

திறந்துதான் இருக்கிறது. நான்தான் திறந்தேன்.